சவப்பெட்டிக்கு சல்யூட், பாடைக்கு ஏது வழி?

விடியற்காலை ஐந்து மணிக்கு ஏனாத்தூர்ச் சாலையில் போனால், கைபேசியில் நேரம் வைத்துக்கொண்டு ஓடும் இளைஞர்களைப் பார்க்கலாம். சுற்றுவட்டாரக் காலனிப் பிள்ளைகள். அப்பா கூலித் தறியிலோ செங்கல் சூளையிலோ இருப்பார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போவார். இவர்கள் ஐந்து கிலோமீட்டரை 24 நிமிடத்துக்குள் ஓடி முடிக்கப் பழகுகிறார்கள். மத்திய ரிசர்வ் போலீஸ் படை போன்ற மத்திய ஆயுதப் படைகளில் காவலராகச் சேர அதுதான் அளவு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 170 சென்டிமீட்டர் உயரம், எழுத்துத் தேர்வு, அப்புறம் இந்த ஓட்டம்.

அவர்களில் ஒருவன் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எடுக்கும் தமிழ் வகுப்புக்கு வருகிறவன். ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பும்போது கேட்டான்: "அண்ணா, என்னை ரிசர்வ் போலீஸ்ல எடுத்துட்டாங்கன்னு வெச்சுக்குங்க. அங்க ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சின்னா, என்னை எந்த வழியா கொண்ணாருவாங்க?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அவனுடைய பாட்டி ஐப்பசி மழையில் இறந்தார். ஊர்த்தெரு வழியாகப் போனால் சுடுகாடு பத்து நிமிட நடை. காலனிப் பிணம் அந்தத் தெருவில் போகக்கூடாது. வயல் வரப்பில், முழங்கால் சேற்றில், பாடையைத் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிப் போனார்கள். ஒரு இடத்தில் கால் வழுக்கிப் பாடை சாய்ந்தது. அன்று பிடித்துக்கொண்டவர்களில் அவனும் ஒருவன். அவன் கேட்டது வேடிக்கைக் கேள்வியில்லை. தேசியக் கொடி போர்த்திய பெட்டியும் அதே வரப்பில்தான் வருமா என்பதுதான் கேள்வி.

அவனுக்கு அன்று நான் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

பத்து மீட்டர் நிலம்

2016 ஜூன் 25. காஷ்மீரில் ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில், பாம்போர் அருகே, துப்பாக்கிச் சுடும் பயிற்சி முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ரிசர்வ் படையினரின் பேருந்து தாக்கப்பட்டது. எட்டு வீரர்கள் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் வீர் சிங். உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாத் மாவட்டத்தில், ஷிகோகாபாத் அருகே உள்ள நக்லா கேவல் கிராமத்துக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர். அந்தக் குடும்பம் அவர் சம்பளத்தை நம்பித்தான் இருந்தது. பிறப்பால் நட் சமூகத்தவர். கயிற்றின் மேல் நடந்தும் வித்தை காட்டியும் பிழைத்த, பட்டியல் சாதிப் பட்டியலில் உள்ள சமூகம் அது.

உடல் ஊருக்கு வந்தது. ஊர்ப் பொது நிலத்தில் தகனம் செய்யவும், பிறகு அங்கே ஒரு சிலை வைக்கவும் குடும்பம் விரும்பியது. கேட்டது பத்துக்குப் பத்து மீட்டர் இடம். ஊரின் ஆதிக்க சாதியினர் முடியாது என்றார்கள். மாவட்ட நிர்வாகத்தின் அதிகாரி நேரில் வந்து, மணிக்கணக்கில் பேசிய பிறகுதான் இடம் கிடைத்தது. நாட்டின் எல்லா நாளேடுகளிலும் இந்தச் செய்தி வந்தது. இரண்டு நாள் பேசினார்கள். பிறகு மறந்தார்கள்.

அந்தப் பொது நிலம் யாருடைய பட்டா நிலமும் இல்லை. அரசின் நிலம். அதாவது எந்த அரசுக்காக அவர் இறந்தாரோ அந்த அரசின் நிலம். அதைக் கொடுக்க மறுக்கும் அதிகாரம் ஊருக்கு எங்கிருந்து வந்தது? சட்டத்திலிருந்து வரவில்லை. அந்த ஆண்டு ஜனவரி 26-ல்தான் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் இடுகாடு, சுடுகாடு, பொதுப் பாதை, நீர்நிலை ஆகியவற்றை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றம் என்று அந்தத் திருத்தம் வெளிப்படையாகச் சொல்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. சட்டம் வந்து ஐந்தே மாதத்தில், சீருடை அணிந்து இறந்த ஒருவருக்கே அந்த நிலை.

வீர் சிங்குக்கு ஒரு அதிகாரி வந்தார். நம் பையனின் பாட்டிக்கு யார் வந்தார்?

நாற்பது பேர், நாற்பது வீடுகள்

மூன்றாண்டுகூட ஆகவில்லை. அதே நெடுஞ்சாலை, அதே புல்வாமா மாவட்டம். 2019 பிப்ரவரி 14 அன்று லெத்போராவில், 78 வண்டிகளில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் அதிகமான ரிசர்வ் படையினர் போய்க்கொண்டிருந்த வரிசையின் மீது வெடிமருந்து நிரப்பிய கார் மோதியது. நாற்பது பேர் மாண்டார்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் இருவர்: அரியலூர் மாவட்டம் கார்குடியின் சிவச்சந்திரன், தூத்துக்குடி மாவட்டம் சவலாப்பேரியின் சுப்பிரமணியன். இருவருமே விடுப்பில் ஊருக்கு வந்து, குடும்பத்தோடு இருந்துவிட்டுப் பணிக்குத் திரும்பிய சில நாட்களில் இறந்தவர்கள். சிவச்சந்திரனின் இரண்டு வயது மகன் சீருடை அணிந்து நின்ற படம் பலருக்கும் நினைவிருக்கும். அப்போது அவர் மனைவி கருவுற்றிருந்தார். சுப்பிரமணியனுக்குத் திருமணமாகி இரண்டாண்டுகூட முடியவில்லை. தமிழ்நாடு அரசு ஒவ்வொரு குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாயும் ஒருவருக்கு அரசு வேலையும் அறிவித்தது.

அந்த நாற்பது பேரின் வீடுகளை விசாரித்து காரவன் இதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது. பிற்படுத்தப்பட்டோர் 19, பட்டியல் சாதியினர் 7, பழங்குடியினர் 5, முன்னேறிய சாதியினர் 5, ஜாட் சீக்கியர் 3, முஸ்லிம் ஒருவர் என்று அது கணக்குச் சொன்னது. தொலைக்காட்சியில் போர் முழக்கம் எழுப்பியவர்கள் யார், பேருந்தில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று அந்தக் கட்டுரை கேட்டது. பெரிய எதிர்ப்பு வந்தது. செத்தவனிடம் சாதி பார்க்கலாமா என்று கேட்டார்கள். ரிசர்வ் படையின் செய்தித் தொடர்பாளரே, எங்களுக்கு இந்தியர் என்பதைத் தவிர வேறு அடையாளம் இல்லை என்ற பொருளில் பதில் சொன்னார்.

அந்தப் பதிலை நான் மதிக்கிறேன். ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டு, ஒரே கூடாரத்தில் படுத்து, ஒரே குண்டுக்கு நெஞ்சு காட்டுகிறவர்கள் அப்படித்தான் சொல்ல வேண்டும். படைக்குள்ளே அது முழுமையாக உண்மையாக இருக்கட்டும் என்றே நானும் விரும்புகிறேன். ஆனால் விடுப்புச் சீட்டு வாங்கிக்கொண்டு ரயிலேறி, சொந்த ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கியவுடன் அவரை இந்தியர் என்று யார் வரவேற்கிறார்கள்? எந்தத் தெருவில் அவர் வீடு இருக்கிறது, எந்தத் தேநீர்க் கடையில் அவர் தந்தை வெளியே நின்று குடித்தார், எந்தத் திருவிழாவில் தேர் அவர் தெருவுக்கு வராமல் திரும்பியது — இவை எல்லாம் அவருக்காகக் காத்திருக்கின்றன. நக்லா கேவலில் செத்தவனின் சாதியைக் கேட்டது பத்திரிகை இல்லை. ஊர் கேட்டது. ஊர் கேட்பதை நிறுத்தட்டும். நாமும் எண்ணுவதை நிறுத்துகிறோம்.

எண்ணுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மத்திய ஆயுதப் போலீஸ் படைகளின் ஆள்சேர்ப்பில் பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் இடஒதுக்கீடு உண்டு. ராணுவத்தில் அது இல்லை. சாதியின் பெயரிலும் இனத்தின் பெயரிலும் அமைந்த ரெஜிமெண்ட்கள் அங்கே இன்றும் இருக்கின்றன. ஆக, நிலமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு, சிபாரிசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, ரிசர்வ் படை ஒரு திறந்த வாசல். 21,700 ரூபாய் அடிப்படைச் சம்பளம் ஒரு குடும்பத்தைக் கடனிலிருந்து மீட்கிறது. தங்கையைக் கல்லூரிக்கு அனுப்புகிறது. ஓலைக் கூரையைத் தளமாக்குகிறது. அந்த வாழ்க்கையைப் பேசாமல் மரணத்தை மட்டும் பேசுவது அவரைப் பாதியாக்குவது.

பாலத்திலிருந்து இறங்கிய உடல்

உத்தரப் பிரதேசம்தானே, பெரியார் பிறந்த மண்ணில் அப்படி நடக்குமா என்று யாராவது கேட்டால், நம் பாலாற்றைக் காட்டுகிறேன்.

புல்வாமா நடந்த அதே 2019, ஆகஸ்ட் மாதம். வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் ஒரு தலித் மனிதரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழி மற்றவர்களின் நிலத்தின் ஊடாகப் போகிறது. அந்த வழி அடைக்கப்பட்டிருந்தது. பாடையோடு உடல் அந்தரத்தில் தொங்கிய காட்சியை நாடே பார்த்தது. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்தப் பாலாறுதான் காஞ்சிபுரத்தைத் தொட்டுக்கொண்டு கடலுக்குப் போகிறது.

அதற்கு மூன்றாண்டு முன்னால், 2016 ஜனவரியில், அன்றைய நாகை மாவட்டத்துத் திருநாள்கொண்டச்சேரியில் ஒரு தலித் முதியவரின் உடலை வழுவூரின் பொதுப் பாதை வழியாகக் கொண்டுபோகலாம் என்று உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. உத்தரவு இருந்தும் அந்த வழி திறக்கவில்லை. போலீஸாரே உடலை எடுத்துப்போய் வேறு வழியில் கொண்டு சென்று புதைத்தார்கள். நீதிமன்றத்தின் எழுத்தைவிட ஒரு தெருவின் வழக்கம் வலுவாக இருந்த நாள் அது.

இந்த இரண்டு இடத்திலும் இறந்தவர்கள் படைவீரர்கள் இல்லை. உழைத்து வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு வழி இல்லை என்றால் அவர்களின் பேரன் சீருடை போட்டதும் வழி பிறந்துவிடுமா? ஒரு நாள் பிறக்கும். ஆட்சியர் வருவார், அமைச்சர் வருவார், கேமரா வரும், துப்பாக்கிகள் வானத்தை நோக்கி முழங்கும். ஊர்த்தெரு அன்று திறக்கும். மறுநாள் அவருடைய தாய் இறந்தால்? வரப்புதான். ஒருவர் செத்தால் ஒரு நாள் திறந்து மூடிக்கொள்ளும் தெருவுக்குப் பெயர் மரியாதை இல்லை, விதிவிலக்கு.

வீரவணக்கச் சுவரொட்டி ஒட்டும் அன்பர்களிடம் நான் கேட்பது இதைத்தான். சவப்பெட்டிக்கு சல்யூட் வைப்பது எளிது. அது வந்த வழியை எல்லாருக்கும் திறந்து வைப்பதுதான் கடினம். அதுதான் நினைவு.

நாய்க்கும் பெயர் பொறித்த நாடு

போரில் விழுந்தவனை நினைப்பது எப்படி என்று தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் ஒரு முறையே வகுத்திருக்கிறது. தகுந்த கல்லைக் காண்பது, எடுப்பது, நீராட்டுவது, நடுவது, அதற்குச் சிறப்புச் செய்வது, வாழ்த்துவது என்று ஆறு நிலை. இந்தக் காஞ்சியிலிருந்து பல்லவர்கள் ஆண்ட காலத்து நடுகற்கள் செங்கம் வட்டாரத்தில் ஏராளம். ஆநிரை கவர்ந்தபோதோ மீட்டபோதோ இறந்த சாதாரண வீரர்களின் பெயர், யாருடைய ஆள், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்று அவற்றில் வெட்டியிருக்கிறார்கள்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வீரனோடு அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கருந்தேவகத்தி என்பது வீரனின் பெயர். கோவிவன் என்பது நாயின் பெயர். ஆயிரத்து நானூறு ஆண்டு ஆகிறது. ஒரு நாயின் பெயரை நாம் இன்றும் படிக்க முடிகிறது. நாய்க்கும் பெயர் பொறித்த நாடு இது.

இப்போது காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் புள்ளலூருக்கு வாருங்கள். 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் தலைமையில் வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் சேர்ந்து அங்கே நொறுக்கினார்கள். ஏறக்குறைய 3,800 பேர் கொண்ட அந்தப் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 27-ல் அங்கே மீண்டும் ஒரு போர். புள்ளலூரில் இன்றும் இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. அவை இரண்டாம் போரில் இறந்த இரண்டு வெள்ளை அதிகாரிகளுக்கானவை: கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லப், லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுன். செத்த சிப்பாய்களின் பெயர் அந்தத் தூண்களில் இல்லை. அந்தக் காலத்துச் சென்னைப் படையில் பறையர்களும் திரளாகச் சேர்ந்திருந்தார்கள். பிற்காலத்தில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று பெயர் பெற்ற பிரிவில் அவர்கள் பங்கு பெரிது. பாதை வெட்டியதும் பாலம் கட்டியதும் அவர்கள் கைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் 'போர்க்குல மக்கள்' என்ற ஒரு கோட்பாட்டைக் கொண்டுவந்து, தீண்டப்படாத சாதியினருக்குப் படையின் கதவைப் பிரிட்டிஷ்காரர்கள் சாத்தினார்கள். பெயரும் போனது, பிழைப்பும் போனது.

மகாராஷ்டிரத்தில் கோரேகான் தூண் வேறு கதை. 1818 ஜனவரி 1 அன்று நடந்த போரில் இறந்த மகர் சிப்பாய்களின் பெயர்கள் அந்தத் தூணில் செதுக்கப்பட்டன. 109 ஆண்டு கழித்து, 1927-ல், சுபேதார் ராம்ஜியின் மகனான அம்பேத்கர் அதன் முன்னால் போய் நின்றார். அன்றிலிருந்து அது ஒரு மக்களின் வரலாறானது. அவர்கள் யாருக்காகச் சண்டையிட்டார்கள் என்பது தனி விவாதம். நான் சொல்ல வருவது ஒன்றுதான். பெயர் கல்லில் இருந்ததால் ஒரு தலைவர் அங்கே போய் நிற்க முடிந்தது. புள்ளலூரில் போய் நிற்க நமக்கு ஒரு பெயரும் இல்லை.

இன்று இறக்கிறவர்களின் பெயரும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. முதல் ஆண்டு நினைவு நாளுக்கு மாலை வரும். மூன்றாம் ஆண்டில் வீட்டார் மட்டும் விளக்கேற்றுவார்கள். ஐந்தாம் ஆண்டில் பள்ளிப் பிள்ளையிடம் அந்தப் பெயரைச் சொன்னால் யாரென்று கேட்பான்.

தியாகி என்ற சொல்லும் ஓய்வூதியம் என்ற உரிமையும்

ரிசர்வ் படை என்றால் என்ன என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. எல்லோரையும் 'மிலிட்டரி' என்று சொல்லிவிடுகிறோம். இது ராணுவம் இல்லை. 1939 ஜூலை 27-ல் நீமச்சில் தொடங்கப்பட்டு, 1949-ல் இப்போதைய பெயரைப் பெற்ற போலீஸ் படை. உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது. தேர்தல், கலவரம், வெள்ளம், காஷ்மீர், சத்தீஸ்கர் காடு என்று எங்கே நெருப்பு எரிகிறதோ அங்கே அனுப்பப்படுவது. 1959 அக்டோபர் 21-ல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படையினரால் கொல்லப்பட்ட பத்துப் பேர் இந்தப் படையினர்தான். அந்த நாளைத்தான் காவலர் நினைவு நாளாக நாடு கடைப்பிடிக்கிறது.

ஓராண்டில் 60 நாள் ஈட்டிய விடுப்பு, 15 நாள் தற்செயல் விடுப்பு. மற்ற நாளெல்லாம் முகாம். பிள்ளை பிறந்த செய்தியையும் தந்தை இறந்த செய்தியையும் கைபேசியில் கேட்கிற வாழ்க்கை. அதிலும் சத்தீஸ்கர் பணி மனதைப் பிசையும். 2010 ஏப்ரல் 6 அன்று தந்தேவாடாவில் 76 பேர் இறந்தார்கள். 2017 ஏப்ரல் 24 அன்று சுக்மாவில் 25 பேர் இறந்தார்கள். நான்கு பேர் தமிழர்கள். அங்கே துப்பாக்கியின் இரு பக்கமும் நிற்பவர்கள் நிலமில்லாதவர்களும் காட்டை இழந்தவர்களும்தான். நான் போரைப் போற்றி எழுதவில்லை. பேசித் தீர்க்க வேண்டியதை ஏழைப் பிள்ளைகளை அனுப்பித் தீர்க்க நினைக்கும் அரசுகளையும் நான் ஏற்பதில்லை. ஆனால் அனுப்பப்பட்டவனை மறப்பது அவனை அனுப்பியவர்களுக்குத்தான் வசதி.

இறந்தவர்களைத் தியாகி என்கிறோம். அது சட்டச் சொல் இல்லை. ராணுவத்திலும் சரி, துணைப் படைகளிலும் சரி, அப்படி ஒரு சொல் அதிகாரபூர்வமாகப் பயன்படுத்தப்படுவதில்லை என்று மத்திய அரசு நாடாளுமன்றத்திலேயே சொல்லியிருக்கிறது. சொல் போகட்டும். உரிமையைப் பார்ப்போம். 2004 ஜனவரி 1-க்குப் பிறகு ரிசர்வ் படையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. ராணுவத்தினருக்கு அது தொடர்கிறது. துணைப் படையினரும் ஒன்றியத்தின் ஆயுதப் படையினரே, அவர்களுக்கும் பழைய ஓய்வூதியம் உண்டு என்று 2023 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்திய அரசு உச்ச நீதிமன்றம் போனது. தீர்ப்புக்குத் தடை வந்தது. 'முன்னாள் படைவீரர்' என்ற வரையறைக்குள்ளும் இவர்கள் வருவதில்லை.

பணியில் இறந்தால் குடும்பத்துக்கு ஓய்வூதியம் உண்டு. இருபது, முப்பது ஆண்டு காட்டிலும் பனியிலும் கிடந்து உயிரோடு திரும்பினால்தான் சிக்கல். செத்தால் மாலை, பிழைத்தால் மனு. இந்த நாடு அவருடைய மரணத்தைக் கொண்டாடத் தயாராக இருக்கிறது. வாழ்க்கைக்குப் பொறுப்பேற்கத் தயங்குகிறது. அதனால்தான் நினைவு என்பது வாழ்க்கையை நினைப்பதாக இருக்க வேண்டும் என்கிறேன்.

கிராம சபைக்கு ஒரு தீர்மானம்

என்ன செய்யலாம்? பெரிய செலவில்லாத சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, பெயர். பணியில் இறந்த ரிசர்வ் படையினர், ராணுவத்தினர், காவலர்கள் எல்லோருடைய பெயரையும் அவரவர் ஊரில் ஒரு கல்லில் வெட்டுங்கள். அந்தக் கல்லைக் காலனி முனையில் ஒதுக்கி வைக்காமல் ஊராட்சி அலுவலக வாசலில் நடுங்கள். தலித் வீரருக்குக் காலனியில் கல், மற்ற வீரருக்கு ஊர் நடுவில் கல் என்றால், கல்லும் சாதி பார்த்ததாகிவிடும்.

இரண்டு, வாழ்க்கை. தமிழ் படிக்கும் மாணவர்களே, இது உங்களுக்கான வேலை. உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ அப்படி ஒருவர் இருந்தால் அவர் வீட்டுக்குப் போங்கள். எந்தப் பள்ளியில் படித்தார், யார் பாடம் சொன்னார், படிக்கும்போது என்ன வேலை பார்த்தார், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார், எந்தப் பாட்டை விரும்பினார், ஊரில் என்ன அவமானம் பட்டார் என்று கேளுங்கள். அவர் அம்மா சொல்லச் சொல்ல எழுதுங்கள். வீட்டார் அனுமதியோடு பள்ளி நூலகத்தில் ஒரு பிரதி வையுங்கள். அக்டோபர் 21 அன்று வகுப்பில் படியுங்கள். புள்ளலூர்ச் சிப்பாய்களுக்கு அப்படி எழுத ஒருவர் இல்லாமல் போனதால்தான் இன்று நம்மிடம் அவர்கள் பெயர் இல்லை.

மூன்று, வழி. உங்கள் ஊரில் காலனிக்கும் சுடுகாட்டுக்கும் இடையே தார்ச்சாலை இருக்கிறதா? அது எல்லாருக்கும் பொதுவான வழியா? சாதி வேறுபாடில்லாத பொது மயானம் வைத்திருக்கும் சிற்றூர்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தப் பரிசு நம் ஊராட்சிக்கு வர என்ன தடை என்று கிராம சபையில் கேளுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. பொது வழி, பொது மயானம் என்று ஒரு தீர்மானம் எழுதிக் கையெழுத்திடுங்கள். மறுத்தால், மறுத்தவர் யார் என்பதும் பதிவேட்டில் ஏறட்டும். ஊர்த்தெரு மக்களுக்கும் சொல்கிறேன்: உங்கள் பிள்ளைகளும் அதே படையில் அதே வண்டியில் போகிறார்கள். அவர்களின் தோழனுக்குத்தான் நீங்கள் வழி விடுகிறீர்கள்.

நான்கு, வாசல். 2023-ல் ரிசர்வ் படை 9,212 காவலர் இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டபோது தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே என்று இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. முதலமைச்சர் உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். மத்திய ஆயுதப் போலீஸ் படைகளின் காவலர் தேர்வு 2024 முதல் தமிழ் உட்பட 13 மாநில மொழிகளிலும் நடத்தப்படும் என்று முடிவானது. கேட்டதால் கிடைத்த உரிமை இது. ஆனால் தமிழில் வினாத்தாள் வந்தால் மட்டும் போதாது. காலனியில் ஒரு படிப்பகம், மாலையில் கணக்குச் சொல்லித்தர ஒருவர், ஓடிப் பழக ஒரு மைதானம் வேண்டும். லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கிச் சாலை ஓரத்தில் ஓடுகிறார்கள் பிள்ளைகள். நாட்டுக்காகச் சாகலாம், அதற்குமுன் சாலையில் அடிபட்டுச் சாகக்கூடாது.

அந்தப் பையனிடம் அன்று வீர் சிங் கதையைச் சொல்லி முடித்தபோது அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அந்தப் பத்து மீட்டர் கடைசில கெடச்சுதா?" என்று கேட்டான். கிடைத்தது என்றேன். "நான் செலக்ட் ஆகிப் போறதுக்குள்ள எங்க ஊர்லயும் கேட்டுப் பார்க்கலாமா அண்ணா? எனக்கு வேணாம். எங்க தெருவுக்கே கேக்கலாம்" என்றான்.

கேட்டிருக்கிறோம். அடுத்த கிராம சபைக்கு அவன் தெருவிலிருந்து மனு தயார். பாட்டியின் பாடை சாய்ந்த வரப்பை அளந்து, வரைபடத்தோடு இணைத்திருக்கிறான். காலையில் வழக்கம்போல ஓடுகிறான். போன வாரம் அவன் நேரம் 24 நிமிடம் 40 விநாடி. இன்னும் 40 விநாடி குறைய வேண்டும். அவன் குறைத்துவிடுவான். ஊர் குறைத்துக்கொள்ள வேண்டியதை ஊர் செய்யட்டும்.